அரபுத்தமிழ் கல்லச்சுக் கித்தாபைப் படிப்பது, படமெடுப்பது, தட்டச்சுவது

வைகைக்கரை கேட்டது:

அஸ்ஸலாமு அலைக்கும். மேலூர்ப் பக்கத்து வீடு ஒன்றில் இருந்த அரபுத்தமிழ் (அரபி எழுத்தில் எழுதிய தமிழ்) கித்தாபு ஒன்றை எழுத்துப்பெயர்த்து வைக்க வேண்டியிருக்கிறது. கல்லச்சு, கையால் எழுதியதைக் கல்லில் ஏற்றி அச்சடித்தது. 8க்கு 5 அங்குலம், ஏறக்குறைய 180 பக்கம். முன்னால் சில ஏடுகள் இல்லை, அதனால் பெயரும் ஆசிரியரும் தெரியவில்லை. கடைசி ஏடு இருக்கிறது. நடுவில் தையல் விட்டு ஏடுகள் கழன்று கலந்துவிட்டன. பார்த்த வரையில் ஒளு (தொழுகைக்கு முன் கழுவுதல்), தொழுகை, நோன்பு பற்றிய மஸ்அலாக்கள், அதாவது மார்க்கச் சட்ட விளக்கங்கள். ஓரத்தில் சாய்வாகச் சின்ன எழுத்தில் ஹாஷியாவும் (ஓரக்குறிப்பு) ஓடுகிறது.

அரபி தடங்கலில்லாமல் வாசிப்பேன். ஆனால் தமிழ் வரும் இடத்தில் வரிக்கு இரண்டு சொல் நிற்கிறது. இணையத்தில் கிடைத்த எழுத்துப் பட்டியலை வைத்துப் பார்த்தால் பாதி பொருந்துகிறது, பாதி பொருந்தவில்லை. ஃபோன் ஸ்கேன் ஆப்பில் இருபது பக்கம் எடுத்துப் பார்த்தேன், படம் பளிச்சென்றுதான் இருக்கிறது, வாசித்தால் இன்னும் மோசம்.

கேள்வி மூன்று. எழுத்தை எப்படிப் பிடிப்பது? படம் எப்படி எடுப்பது? இது எந்தக் காலத்து, எந்தப் பக்கத்துக் கித்தாபு என்று எதை வைத்துச் சொல்வது?

கித்தாபு மூலை எழுதியது:

வஅலைக்கும் ஸலாம் பாய். பட்டியலை மூடி வையுங்கள். அரபுத்தமிழுக்கு எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒரே எழுத்துமுறை அந்தக் காலத்தில் கிடையாது. அச்சகத்துக்கு அச்சகம், எழுதிய கைக்குக் கை, சில எழுத்துகள் மாறும். அந்தக் கித்தாபிலிருந்தே அதன் சாவியை எடுக்க வேண்டும். மஸ்அலாக் கித்தாபு என்பது உங்கள் நல்ல காலம், ஒரே சொல் நூறு தடவை வரும்.

ஒரு தாளில் இந்தச் சொற்களை எழுதிக்கொண்டு கித்தாபில் தேடுங்கள்: தொழுகை, பள்ளி, நோன்பு, வேண்டும், ஆண்டவன், என்று, தங்கள், பாடம். 'தொழுகை' ஒன்றிலேயே ஒ, ழ, மெலிந்த க, ஐ நான்கும் கிடைக்கும். 'பள்ளி'யில் ப, ள. 'வேண்டும்' ஏகாரத்தையும் ண்ட சேர்க்கையையும் தரும். 'தங்கள்' ங்க. 'என்று' எகரமும் ன்ற-வும். ஒவ்வொரு எழுத்துக்கும் குறைந்தது ஐந்து இடம் பார்த்த பிறகு சாவித்தாளில் ஏற்றுங்கள். எழுதியவர் கை தவறிய இடங்கள் உண்டு, ஓரிடத்தை நம்பினால் அந்தத் தவறே விதியாகிவிடும்.

பெரும்பாலும் மாறாமல் வருபவை சில. ப என்பது ஃபே என்ற அரபி எழுத்தின் கீழ் இன்னொரு புள்ளி. மேல்புள்ளி அப்படியே இருக்கும், கீழே ஒன்று கூடும். ட என்பது தாலின் கீழ் ஒரு புள்ளி. ண என்பது நூனின் கீழ் ஒரு புள்ளி. ங என்பது ஐனின் கீழ் மூன்று புள்ளி. மெலிந்த க-வுக்குக் காஃபின் கீழ் ஒரு புள்ளி, ஆனால் இதைப் போடாமல் விடுவதும் சகஜம். ள, ழ, ற மூன்றில்தான் பட்டியல்கள் சண்டை போடும். ளகர ழகரக் குடும்பத்துக்கு ளாதை அடிப்படையாக எடுத்துக்கொண்டது இயல்புதான், பர்ளு, ஒளு என்று நம்மவர் அந்த அரபி எழுத்தையே ளகரமாகத்தானே சொல்கிறோம். ஆனால் உங்கள் கித்தாபில் எது ள, எது ழ என்பதைப் 'பள்ளி', 'தொழுகை' இரண்டையும் பக்கத்தில் வைத்து முடிவு செய்யுங்கள்.

அடுத்து உயிர்க்குறி. ஸபர், ஸேர், பேஷ் மூன்றும் அ, இ, உ. அரபியில் இல்லாத எ, ஒ இரண்டுக்கும் பேஷையே தலைகீழாகத் திருப்பியிருப்பார்கள். மேலே நின்றால் ஒ, கீழே நின்றால் எ. கூடவே வாவு வந்தால் ஓ, யே வந்தால் ஏ. கல்லச்சில் மை பரவிய இடத்தில் திருப்பிய பேஷும் நேர்ப் பேஷும் ஒன்றுபோலத் தெரியும். அங்கே 'ஒரு'வா 'உரு'வா என்பதைப் பொருள்தான் தீர்க்கும்.

எழுத்து பிடிபட்ட பிறகும் வாக்கியம் தடுக்கும். அது வேறு நோய். அரபி மூலத்தைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிய நடை அது. முப்ததா (அரபி வாக்கியத்தின் எழுவாய்) வந்த இடத்தில் 'ஆகிறது', மின் ('இலிருந்து' என்ற அரபிச் சொல்) வந்த இடத்தில் 'நின்றும்' என்று போட்டுக்கொண்டே போவார்கள். தமிழாக நினைத்து வாசித்தால் எழுவாய் எங்கே என்று திண்டாடுவீர்கள். மனசுக்குள் அரபிக்குத் திருப்பிவிட்டு வாசியுங்கள், ஓதிய உங்களுக்கு அது சுலபம்.

புள்ளிக்காரன் எழுதியது:

ஸ்கேன் ஆப் ஏன் மோசமாக்கியது என்பது மேலே உள்ள பதிலிலேயே இருக்கிறது. இந்த எழுத்துமுறையின் உயிரே கீழ்ப்புள்ளி. அந்த ஆப்கள் ரசீதும் ஆதாரும் எடுக்கச் செய்தவை. பக்கத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும்போது ஒரு அளவுக்கு மேல் வெளிறிய புள்ளியை அழுக்கு என்று கருதித் துடைத்துவிடும். 'பாடம்' என்ற சொல்லில் இரண்டு கீழ்ப்புள்ளி இருக்கிறது, ஃபேயின் கீழ் ஒன்று, தாலின் கீழ் ஒன்று. இரண்டும் போனால் 'ஃபாதம்'. படம் பளிச்சென்று இருக்கும், சொல் செத்திருக்கும்.

ஆகவே வண்ணத்தில் எடுங்கள். ஸ்கேனர் என்றால் 400 டிபிஐ, 24 பிட் வண்ணம், டிஃப் கோப்பு. 8க்கு 5 அங்குலப் பக்கம் 3200க்கு 2000 பிக்சல் வரும், சுருக்காத கோப்பு ஏறக்குறைய 19 எம்பி. 180 பக்கமும் சேர்த்து மூன்றரை ஜிபிக்குள் முடிந்துவிடும், ஒரு பென்டிரைவ் போதும். எதையும் கூர்மையாக்க, வெளுக்க வேண்டாம். அதெல்லாம் நகலில் செய்துகொள்ளலாம்.

ஆனால் தையல் விட்ட கித்தாபைத் தட்டை ஸ்கேனரில் கவிழ்த்து அமுக்க வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் காலத்துக் காகிதம் பெரும்பாலும் மரக்கூழ், அமிலம் ஏறி முறுகியிருக்கும். முனையை மடக்கினாலே அப்பளம் மாதிரி உடையும். கழன்ற ஏடுகளைத் தனித்தனியாக ஸ்கேனரில் வைக்கலாம். சேர்ந்திருக்கும் பகுதிக்குக் கேமராதான். இரண்டு தெர்மாகோல் ஆப்புகளை வெட்டி எதிரெதிரே வைத்து, கித்தாபு 90 டிகிரிக்கு மேல் திறக்காதபடி அதில் சாய்த்து வையுங்கள். கேமராவை முக்காலியில் மாட்டி, அந்தந்தப் பக்கத்துக்கு நேர் எதிரே நிறுத்துங்கள். முதலில் வலப்பக்கங்கள் எல்லாம், பிறகு இடப்பக்கங்கள் எல்லாம். இரண்டு விளக்கு, இருபுறமும் 45 டிகிரி சாய்வில். ஃபிளாஷ் வேண்டாம்.

இன்னொரு கண்ணி, ராமபாணப் பூச்சி போட்ட ஓட்டை. ஓட்டை வழியாக அடியில் உள்ள ஏட்டின் மை தெரிந்தால் படத்தில் அது அச்சு அசல் புள்ளி. ஒவ்வொரு ஏட்டின் அடியிலும் வெளிர் நீலத் தாள் ஒன்றைச் செருகி எடுங்கள். ஓட்டையெல்லாம் நீலமாகத் தெரியும், புள்ளி கறுப்பாகவே நிற்கும். கறுப்புத் தாள் செருகினால் நேர் எதிராகிவிடும், ஓட்டையெல்லாம் புள்ளியாகும். சந்தேகம் வந்தால் அடுத்த ஏட்டின் அதே இடத்தைப் பாருங்கள். பூச்சி ஒரு ஏட்டோடு நிற்காது.

உயிரோடு பூச்சி இருந்தால் மருந்து அடிக்காதீர்கள். பாலிதீன் பையில் காற்றை நெருக்கி வெளியேற்றி, இறுகக் கட்டி, ஃபிரீசரில் இரண்டு வாரம். வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்கக் கூடாது. நம் மதுரை வெக்கையில் உடனே பிரித்தால் குளிர்ந்த தாளில் நீர் கோத்துக்கொள்ளும். செல்லோ டேப், லேமினேஷன் இரண்டையும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். டேப்பின் பசை பழுத்து மையையும் சேர்த்து இழுக்கும், லேமினேஷனைத் திரும்பப் பிரிக்க முடியாது.

வைகைக்கரை எழுதியது:

ஜஸாக்கல்லாஹ். அந்த ஃபாதம் நிஜமாகவே என் இருபது பக்கத்தில் இருக்கிறது. கலந்த ஏடுகளை எப்படி வரிசைப்படுத்துவது? பக்க எண் மேல் ஓரத்தில் இருந்திருக்க வேண்டும், பல ஏடுகளில் ஓரமே உதிர்ந்துவிட்டது.

கித்தாபு மூலை எழுதியது:

பக்க எண்ணே வேண்டாம். விரித்து வைத்தால் வலப்பக்கத்தின் இடது அடி மூலையில், வரிக்குக் கீழே, தனியாக ஒரு சொல் நிற்கும். அடுத்த பக்கத்தின் முதல் சொல் அது. அரபியில் தஃகீபா என்பார்கள், தைப்பவர் ஏடு மாறாமல் அடுக்குவதற்காக எழுதியது. கழன்ற ஏடு ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு போட்டு, முதல் சொல்லையும் அடிமூலைச் சொல்லையும் எழுதுங்கள். சீட்டுகளைச் சேர்த்தால் ஏடு தானாக அடுக்கிக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை: மஸ்அலாக் கித்தாபில் 'மஸ்அலா', 'பாபு' (அத்தியாயம்) போன்ற சொல்லே பல அடிமூலையில் வரும். அப்போது ஹாஷியாவின் ஓட்டமும் தொடர்கிறதா என்று பாருங்கள்.

கிழக்கு வாசல் எழுதியது:

காலமும் ஊரும் பற்றி.

கடைசி ஏட்டில் 'தம்மத்' (முடிந்தது) என்ற சொல்லைத் தேடுங்கள். அதற்குக் கீழே மாதம், ஹிஜ்ரி ஆண்டு, சில சமயம் எழுதியவர் பெயர், அச்சகம் எல்லாம் முக்கோணமாகக் குறுகிக்கொண்டே போகும். இங்கேயும் புள்ளிதான் ஆளைக் கவிழ்க்கும், அரபி எண்ணில் பூஜ்யம் ஒரு புள்ளி. 5 வட்டமாக இருப்பதால் பூஜ்யம் என்று வாசிப்பவர்களும் உண்டு. 2க்கும் 3க்கும் ஒரு பல்தான் வித்தியாசம்.

ஆண்டை மாற்ற எளிய வழி: ஹிஜ்ரியை 33ஆல் வகுத்து, வந்ததை ஹிஜ்ரியிலிருந்து கழித்து, 622 கூட்டுங்கள். 1311 என்றால் 33ஆல் வகுக்க 39.7, கழித்தால் 1271.3, கூட்டினால் 1893. ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள், அதனால் ஒரு ஹிஜ்ரி ஆண்டு பெரும்பாலும் இரண்டு ஆங்கில ஆண்டுகளில் கால் வைக்கும். 1311 தொடங்கியது 1893 ஜூலையில், முடிந்தது 1894இல். மாதம் தெரியாவிட்டால் 1893-94 என்றே குறியுங்கள், ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

எண் இல்லாமல் கடைசியில் ஒரு பைத்து (செய்யுள்) இருந்து, ஒரு சொல்லின் மேல் கோடு போட்டிருந்தால் அது தாரீக், எழுத்துகளின் மதிப்பைக் கூட்டினால் ஆண்டு வரும். அரபி எழுத்துக்கு எண் மதிப்பு தரும் அப்ஜத் கணக்கில் கூட்ட வேண்டும். அலிஃப் 1 தொடங்கி யே 10 வரை ஒன்றொன்றாக, பிறகு சின்னக் காஃபு (ك) 20, லாம் 30 என்று பத்துப் பத்தாக, பெரிய காஃப் (ق) 100, பிறகு நூறு நூறாக, கைன் 1000. பிஸ்மில்லாஹ்வைச் சொல்லுக்குச் சொல் கூட்டிப் பழகிக்கொள்ளுங்கள்: 102, 66, 329, 289. சேர்த்தால் எல்லாருக்கும் தெரிந்த 786. எழுதப்பட்ட எழுத்தைத்தான் எண்ண வேண்டும், உச்சரிப்பை அல்ல. ஷத்து (இரட்டிப்புக்குறி) போட்ட எழுத்து ஒன்றுதான்.

எந்தப் பக்கத்துக் கித்தாபு என்பதற்கு ஒளுவின் பாடத்தைப் பாருங்கள். பர்ளு (கட்டாயமானவை) நான்கு என்றால் ஹனஃபி மத்ஹபு (மார்க்கச் சட்டப் பிரிவு): முகம், முழங்கை வரை கை, தலையில் கால்வாசி மஸ்ஹு (ஈரக்கையால் தடவுதல்), கால். ஆறு என்றால் ஷாஃபி மத்ஹபு: அந்த நான்கோடு நிய்யத்தும் (மன எண்ணம்) வரிசையும் சேரும், தலையில் சிறிதளவு தடவினாலே போதும். வித்ரு என்ற இரவுத் தொழுகை வாஜிபு (கட்டாயம்) என்றால் ஹனஃபி, சுன்னத்து என்றால் ஷாஃபி. சுபுஹுத் தொழுகையில் குனூத்து (நின்றபடி ஓதும் துஆ) இருந்தால் ஷாஃபி. மதுரை, திண்டுக்கல், கம்பம் பக்கத்து ராவுத்தர் குடும்பங்கள் ஹனஃபி, கீழக்கரை, காயல்பட்டினம் கடற்கரை ஷாஃபி. மேலூரில் கிடைத்த ஷாஃபி கித்தாபு என்றால் ஏதோ ஒரு வழியில் கடற்கரையிலிருந்து ஏறி வந்தது என்று யோசிக்கலாம். பெண் கொடுத்து எடுத்ததிலோ, வியாபாரத்திலோ, ஓதப் போனதிலோ. இது துப்பு மட்டும்தான், தீர்ப்பு அல்ல.

ஆசிரியர் பெயரில் அவசரப்பட வேண்டாம். முன்னேடு இல்லாத அரபுத்தமிழ்க் கித்தாபு எது கிடைத்தாலும் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் ஸாஹிபு பெயரை ஒட்டிவிடும் பழக்கம் இருக்கிறது. அவர் காலம் 1816 முதல் 1898. அவர் நிறைய எழுதினார் என்பதற்காக எல்லாம் அவருடையது ஆகாது. 1867ஆம் ஆண்டின் 25ஆம் சட்டப்படி அச்சான புத்தகங்களைப் பதிய வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்தில் பதிவானவற்றின் காலாண்டுப் பட்டியல் அரசிதழோடு வந்தது. பெயர், ஆசிரியர், அச்சகம், பக்கம், அளவு, பிரதி எண்ணிக்கை, விலை எல்லாம் அதில் இருக்கும். ஆண்டும் பக்க அளவும் தெரிந்தாலே சலித்துவிடலாம். தமிழ்த் தலைப்பில் மட்டும் பார்க்காமல் அரபித் தலைப்பிலும் பாருங்கள், எந்தக் குமாஸ்தா எதில் போட்டாரோ. நேரில் காட்ட வேண்டுமென்றால் சென்னைப் பல்கலையில் அரபி, பாரசீக, உருதுத் துறை இருக்கிறது. கித்தாபைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், கடைசி ஏடும் ஒளுப் பாடமும் படமாகப் போதும்.

நெல்பேட்டை எழுதியது:

இவ்வளவு பாடு எதற்கு? யாரையாவது வாசிக்கச் சொல்லி நேராகத் தமிழ் எழுத்தில் அடித்துவிட்டால் எல்லாரும் படிக்கலாமே.

புள்ளிக்காரன் எழுதியது:

படிக்கலாம், ஆனால் எதைப் படிக்கிறோம் என்று தெரியாது அண்ணே. பெரிய காஃப் போட்டால் கல்பு என்பது இதயம், சின்னக் காஃபு போட்டால் நாய். தமிழில் இரண்டும் கல்பு. ஸே, ஸீன், ஸாது மூன்றும் நமக்கு ஒரே ஸ. அரபி எழுத்தை விடாமல் வைத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். தமிழ் எழுத்துப் பிரதி வேண்டும்தான், இரண்டாவதாக. முதலில் உள்ளதை உள்ளபடி அரபி எழுத்திலேயே ஒரு பிரதி, அதன் எதிரே தமிழ் வாசிப்பு, வரிக்கு வரி. சந்தேகமான எழுத்தைச் சதுர அடைப்பில் போடுங்கள், திருத்தியதைத் திருத்தினேன் என்று தெரியும்படி வையுங்கள்.

தட்டச்சுக்கு: யூனிகோடில் தேவையானவை இருக்கின்றன. ங, மெலிந்த க இரண்டுக்கும் உரியவை 2015இல் வந்த எட்டாம் பதிப்பில்தான் சேர்ந்தன. அதனால் பழைய எழுத்துருக்களில் கட்டம் கட்டமாகத் தெரியும். எஸ்ஐஎல் நிறுவனத்தின் ஷெஹரஸாத் நியூ எழுத்துரு இலவசம், அதில் சரியாக வரும். வேர்டில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு எண் பலகையில் தசம எண்ணைத் தட்டலாம்: ப 1699, ட 1674, ண 1721, ங 2227, மெலிந்த க 2228, கீழ்ப்புள்ளி ளாது 1787, மேலே திருப்பிய பேஷ் 1623, கீழே திருப்பிய பேஷ் 2275.

இங்கே கெடுவது மூன்று இடத்தில். 1699க்குப் பதில் 1698 தட்டினால் மேல்புள்ளி இல்லாமல் கீழ்ப்புள்ளி மட்டும் உள்ள மக்ரிபி (வடமேற்கு ஆப்பிரிக்க) ஃபே வரும், அவசரத்தில் கண்ணுக்குப் படாது. இரண்டாவது, சாதா தாலைத் தட்டி அதன் கீழ் தனிப் புள்ளிக்குறியை ஒட்டுவது. பார்க்க ட மாதிரியே இருக்கும், ஆனால் கணினிக்கு அது வேறு, தேடினால் அகப்படாது. மூன்றாவது, உருது விசைப்பலகையில் அடிப்பது. அதன் காஃபு 1705, யே 1740. அரபி காஃபு 1603, யே 1610. பாதிப் பிரதி ஒன்றிலும் பாதி மற்றதிலும் இருந்தால் 'தொழுகை' என்று தேடும்போது பாதிதான் வரும். தொடங்கும் முன் ஒரே விசைப்பலகை என்று முடிவு செய்யுங்கள்.

எந்திரத்தை வாசிக்க வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பொதுவான அரபி ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தை வாசிக்கும் மென்பொருள்) இந்தக் கையெழுத்திலும் கீழ்ப்புள்ளியிலும் தோற்கும். கிராக்கன் மாதிரி நாமே பயிற்றக்கூடிய மென்பொருளுக்கு, கையால் அடித்த பக்கங்களைப் படத்தோடு வரிவரியாகக் கொடுத்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஹாஷியாவைத் தனிப் பகுதியாகப் பிரித்துக் காட்டாவிட்டால் மூலமும் ஓரமும் ஒரே வரியாகக் கலக்கும். 180 பக்கத்துக்கு இது தேவையில்லை என்பது என் கணக்கு. பயிற்றுவதற்கு ஆகும் நேரத்தில் பாதிக் கித்தாபைக் கையாலேயே அடித்துவிடலாம். அதே அச்சகத்தின் கித்தாபு இன்னும் நான்கைந்து கிடைத்தால் அப்போது யோசியுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

கடைசி ஏட்டைப் பகல் வெளிச்சத்தில் வண்ணத்தில் எடுத்துப் பார்த்தேன். 'தம்மத்'துக்குக் கீழே ரமளான் மாதம், ஆண்டு 131 என்று நிற்கிறது, அதன் பின்னால் மங்கலாக ஏதோ இருக்கிறது. ஒளுப் பாடத்தில் பர்ளு ஆறு.

கிழக்கு வாசல் எழுதியது:

அந்த மங்கல் புள்ளிதானா, ஓட்டையா, நீலத் தாள் செருகிப் பாருங்கள். ஆண்டு நான்கு இலக்கம் இருக்க வேண்டும், ஆகவே அங்கே ஏதோ ஒரு எண் இருந்தாக வேண்டும். மையாக இருந்தால் 1310. ரமளான் 1310 என்பது 1893 மார்ச், ஏப்ரல். காலாண்டுப் பட்டியலில் 1893இன் முதல் இரண்டு காலாண்டிலிருந்து தேடத் தொடங்குங்கள், பதிவு தாமதமாவது உண்டு என்பதால் அந்த ஆண்டு முடியும் வரை பாருங்கள். ஓட்டையாக இருந்தால் கடைசி இலக்கம் போய்விட்டது, 1310 முதல் 1319 வரை எதுவும் ஆகலாம், அதாவது 1893இலிருந்து 1902 தொடக்கம் வரை. அப்போது பத்து ரமளானுக்கும் தேட வேண்டியதுதான். ஆறு பர்ளு என்பதால் கடற்கரை அச்சகங்களின் பெயரை முதலில் பாருங்கள்.